தவறணைச் சுவரில் அப்பா

தம்பி பெல்ஜியத்திலிருந்து முதல் தடவை வீட்டுக்கு வந்தது போர்நிறுத்தம் இருந்த காலத்தில். அவன் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, என் கணவருக்குச் சட்டை, எனக்கு ஒரு கைப்பை. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்த பிறகு, பெட்டியின் அடியில் துவாயில் சுற்றி வைத்திருந்த இரண்டு போத்தல்களைக் கடைசியாக எடுத்தான். ஒன்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தடித்த கண்ணாடி. வாயில் தக்கை, அதன்மேல் கம்பி போட்டு முறுக்கியிருந்தது.

"பியர், அக்கா. நான் வேல செய்ற எடத்துல காச்சினது" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த பிள்ளையை முதல் நாளே கடிந்துகொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் துவாயோடு கொண்டுபோய் குளிர்சாதனப் பெட்டியில், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் போத்தல்களைப் படுக்க வைத்தான். நான் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அந்தத் துவாய் முன்னால் கிடந்தது.

எங்கள் அப்பா குடித்துச் செத்தவர். மாத்தளைக்கு மேலே ஒரு மிளகு, கொக்கோ தோட்டத்தில் வேலை செய்தார். ஏணி வைத்து மரத்துக்கு மரம் ஏறி மிளகு பறிப்பதில் அவரைப் போல ஆளில்லை என்று சொல்வார்கள். ஏணியிலிருந்து இறங்கினால் நேரே தவறணை. கள்ளுத் தவறணை மூடியிருந்தால் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் யாராவது திருட்டுத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு. வீட்டுக்கு வந்து சோறு குழைந்திருக்கிறது என்று அம்மாவை அடிப்பார். குழையாவிட்டால் விறைத்திருக்கிறது என்று அடிப்பார். பக்கத்துக் காம்பராக்களில் எல்லோருக்கும் கேட்கும். யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீடுகளிலும் அதுதான் நடந்தது.

நான் படித்து ஆசிரியையாகி, கல்யாணம் முடித்து அலுவிகாரைக்கு வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல வீங்கி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார். அந்தப் பதினொரு நாளும் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருந்தது அம்மா. தம்பிக்கு அப்போது அங்கே இருக்க அனுமதிப் பத்திரம் கிடைத்திருக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் வரவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வீட்டு மகன் ஒன்பது வருடம் கழித்துப் பியர்ப் போத்தலோடு வந்து நிற்பதை எப்படிச் சகிப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தம்பி போத்தலைத் திறக்கப் போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு முன்னால் அதைத் திறக்காதே என்றேன். என் கணவர் அவனுக்குப் பரிந்து பேசினார். அவர் வீதியோரத்து வாசனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறவர். வெள்ளைக்காரப் பயணிகளுக்கு ஏலக்காயையும் கறுவாவையும் கசக்கி முகர்ந்து பார்க்கக் கொடுத்து, கதை சொல்லி, எண்ணெய் விற்று அனுப்புவது அவர் தொழில். பிள்ளை தன் கையால் செய்ததைக் கொண்டுவந்திருக்கிறான், ஒரு வாய் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். அம்மா கதவடியில் உட்கார்ந்திருந்தது.

தம்பி துவாயைப் பிரிக்காமலே போத்தலைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் திருகினான். தக்கை படீரென்று வெடித்துக் கூரைத் தகட்டில் போய் அடித்தது. அம்மா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையோடு குனிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். எங்கள் ஊர் அந்த வருடங்களில் அப்படித்தான் இருந்தது. போர் நின்றிருந்தாலும் எங்கள் காதுகளுக்கு அது இன்னும் தெரிந்திருக்கவில்லை. போத்தல் வாயிலிருந்து நுரை பொங்கி அவன் கையெல்லாம் வழிந்தது. அவன் சிரித்தான். பயணத்தில் குலுங்கியிருக்கும், சூடும் பட்டிருக்கும் என்றான்.

மூன்று தண்ணீர்க் கிளாஸ்களில் ஊற்றினான். தெளிவாக இல்லை. பழுத்த எலுமிச்சைத் தோலின் மஞ்சள், கொஞ்சம் கலங்கல், மேலே விரலளவு வெள்ளை நுரை. என் கணவர் கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். கொத்தமல்லி, தோடம்பழத் தோல், மிளகு என்று வரிசையாகச் சொன்னார். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மெளகு நான் சொல்லிப் போட வச்சது மச்சான். மொத மொதல்ல அங்க போத்தல் கழுவத்தான் போனேன். மொதலாளி நல்ல மனுசன். ஒங்க ஊர்ல என்ன வெளையும்னு கேட்டாரு. சொன்னேன்."

பிறகு அந்தப் பியரின் கதையைச் சொன்னான். அதை செசோன் என்பார்களாம். பருவம் என்று அர்த்தம். முன்பெல்லாம் அந்த நாட்டுப் பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்துவிடுவார்களாம். வெயில் காலத்தில் வயல் வேலைக்கு வருகிற கூலியாட்களுக்குத் தாகத்துக்கு அதைத்தான் கொடுப்பார்களாம். சிலருக்கு அது சம்பளத்தில் ஒரு பங்காகவும் இருந்ததாம். அவன் முதலாளி அந்தக் காலத்து முறைப்படியே காய்ச்சுகிறாராம். இப்போது நகரத்துப் பணக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்களாம்.

கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. வேலையாளுக்குத் தாகம் தீர்க்கக் கொடுத்த தண்ணி! எங்கள் தோட்டத்திலும் கொடுத்தார்களே. தோட்டத்துக்குப் பாடசாலை வருவதற்கு முன்னால் தவறணை வந்திருந்தது. மருந்து வாங்க ஐந்து மைல் நடக்க வேண்டும், கள்ளுக்கு நூறு அடி போதும். அதற்கு யாரும் அழகான கதை கட்டவில்லை. குடித்தவன் செத்தான், அவன் பெண்டாட்டி பாயில் படுத்தாள், அவ்வளவுதான் கதை. இதையெல்லாம் நான் வாய்விட்டே சொன்னேன். தம்பி முகம் சுருங்கினாலும் விடவில்லை.

"நீங்க ஒரு வாய் குடிச்சிப் பாருங்கக்கா. அதுக்கப்பறம் ஏசுங்க."

எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் குடிப்பதில்லை. எனக்கோ நாற்பது வயது. சாராயத்தை அப்பாவின் மூச்சில் மட்டும்தான் அறிந்திருந்தேன். எந்தச் சனியனுக்காக அந்த மனிதர் எங்கள் வீட்டை நாசமாக்கினார் என்று பார்த்துவிடலாம் என ஒரு வெறி வந்தது. கிளாஸை எடுத்து, நின்றபடியே பாதியை விழுங்கினேன்.

நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன். வரவில்லை. நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தியது. இனிப்பே இல்லை. லேசான புளிப்பு, ஈர வைக்கோலில் வருவதுபோல ஒரு வாசம். விழுங்கிய பிறகு நாக்கு உலர்ந்துபோய், தொண்டையின் அடியில் மிளகு மெதுவாகக் காந்தியது. நன்றாக இருந்தது. பொய் சொல்வதற்கில்லை, நன்றாகவே இருந்தது. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. நன்றாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டல்லவா குடித்தேன்.

கிளாஸை மேசையில் அடித்து வைத்தபோதுதான் தம்பி போத்தலைச் சுற்றியிருந்த துவாயை எடுத்தான். எங்களுக்குக் காட்டுவதற்காகவே அதுவரை மறைத்து வைத்திருந்திருக்கிறான்.

போத்தலில் ஒட்டியிருந்த தாளில் அப்பா இருந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது தோட்டத்துத் துரை வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி எடுத்தது. அப்பா மிளகு ஏணியில் பாதி ஏறி, இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த மனிதர் ஊருக்குப் போய் ஞாபகமாகத் தபாலில் அனுப்பியிருந்தார். தம்பி நாட்டை விட்டுப் போகும்போது யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனான். அப்பா செத்தபோது மாலை போட எங்களிடம் படம் இல்லை. அடையாள அட்டையே அவருக்கு அறுபது வயதுக்குக் கிட்டத்தான் கிடைத்தது. அந்த அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். முகம் புகைபோல வந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் யார் படம் இது என்று கேட்டார்கள்.

இப்போது அதே சிரிப்பு, அதே ஏணி, அதே சாக்கு. யாரோ ஓவியர் அதைப் பார்த்து வரைந்து, சட்டைக்கு நீல வர்ணம் தீட்டியிருந்தார். கீழே பியரின் பெயர்.

"அப்பாவோட போட்டோவ மொதலாளிகிட்டக் காட்டினேன். அவருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. இந்தப் பியருக்கு இந்த முகந்தான்னு சொல்லிட்டாரு" என்றான் தம்பி. குரலில் அவ்வளவு பெருமை.

படம் எங்கே என்று கேட்டேன்.

அங்கேதான் இருக்கிறது என்றான். முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு, பியர் குடிக்க வருகிறவர்கள் உட்காருகிற மண்டபத்தில் மாட்டியிருக்கிறாராம்.

"அப்பாவக் கொண்டுபோய்த் தவறணைச் செவுத்துல மாட்டி வச்சிட்டு வந்திருக்கியா நீ?"

"அது தவறணை இல்லக்கா..."

"குடிக்க வாற எடத்துக்கு வேற என்ன பேரு?"

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் சரியாக நினைவில்லை. குடித்துக் குடித்துச் செத்தவனைக் குடிக்கே விளம்பரம் ஆக்கியிருக்கிறாய் என்றேன். கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய், கேட்காமல் விற்றாய் என்றேன். விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தேன் என்றான். சும்மா கொடுத்தது அதைவிடக் கேவலம் என்றேன். என் கணவர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார். அவர் கையில் இன்னும் கிளாஸ் இருந்தது. நீங்கள் குடித்து முடியுங்கள் என்று அவர்மீதும் பாய்ந்தேன். உடனே அந்தப் படத்தைத் திருப்பி வாங்கு, அந்தத் தாளைப் போத்தலிலிருந்து எடுக்கச் சொல் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்த முதலாளி கடிதம் எழுதிக் கொடுத்ததால்தான் தனக்கு அங்கே இருக்க அனுமதி கிடைத்தது, அவரிடம் போய் எப்படிச் சொல்வேன் என்றான்.

அம்மா எழுந்து வந்தது அப்போதுதான். போத்தலைக் கையில் எடுத்து, ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"இந்தச் சட்ட நீலமில்ல. காக்கி" என்று மட்டும் சொல்லிப் போத்தலை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

மிச்சம் இருந்த ஒரு வாரமும் நானும் தம்பியும் தேவைக்கு மட்டும் பேசினோம். இரண்டாவது போத்தலை யாரும் திறக்கவில்லை. அவனை விமான நிலையத்துக்கு வழியனுப்ப என் கணவர் மட்டும் வேனில் போனார். அம்மா படலையில் நின்று கையசைத்தது. நான் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்துவதற்கு அன்று கொப்பிகளே இல்லை. ஏற்கெனவே திருத்தியவற்றைத்தான் மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் கேட்க மாட்டான் என்று தெரிந்தது. நானே எழுதுவது என்று முடிவெடுத்தேன். போத்தல் தாளில் விலாசம் இருந்தது. எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். உங்கள் போத்தலில் சிரிக்கிற மனிதர் எங்கள் தகப்பன். அவர் மகிழ்ச்சியான பண்ணையாள் அல்ல. குடியால் செத்தவர். ஈரல் கெட்டு, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தவர். அவர் முகத்தை எடுத்துவிடுங்கள், படத்தைத் திருப்பி அனுப்புங்கள். டீச்சர் இடையிடையே தயவுசெய்து என்ற சொல்லைப் போடச் சொன்னார். இரண்டு இடத்தில் போட்டேன். மற்ற இடங்களில் மறுத்துவிட்டேன்.

இரண்டரை மாதம் கழித்துத் தடித்த அட்டைக்குள் வைத்த தபால் வந்தது. உள்ளே அப்பாவின் படம், சட்டத்திலிருந்து கழற்றியது, மூலை மடங்காமல் இருந்தது. கூடவே ஒரு கடிதம். முதலாளிக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான் போலிருக்கிறது. சின்னச் சின்ன வசனங்களாக எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் என்று மூன்று தடவை எழுதியிருந்தார். ஏற்கெனவே போத்தலில் அடைத்தவை விற்றுத் தீரும்வரை பழைய தாள் இருக்கும், அடுத்த முறை மிளகுக் கொடியை மட்டும் போடுவோம் என்றிருந்தது. விற்றுத் தீரும்வரை என்ற இடத்தில் எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. அதற்கு அடுத்த வரிகளைப் படித்தபோது அந்தக் கோபமெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது.

உங்கள் தம்பி சொன்னது வேறு, என்று எழுதியிருந்தார். தன் தகப்பன் வாழ்நாளில் ஒரு துளியும் குடித்ததில்லை, காய்ச்சலில் இறந்தார் என்றுதான் அவர் சொன்னார். தான் தடுப்பு முகாமில் இருந்தபோது தகப்பன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் மாறி வந்து, மூன்று மைல் நடந்து, வாழை இலையில் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார். அப்படிப்பட்ட ஒரு மனிதரின் முகத்தை என் பியரில் போடுவது அதற்குக் கௌரவம் என்று நினைத்தேன்.

கடிதத்தை மடித்து அட்டைக்குள் திரும்ப வைத்தேன்.

தம்பி வெளிநாடு போவதற்கு முன்னால் ராணுவம் அவனைப் பிடித்தது தம்புள்ளைக்குப் போகிற வீதியில். மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி இறக்கப் போய்க்கொண்டிருந்தான். ஒரு வீதித் தடையில் இறக்கினார்கள். பெயர் தமிழ்ப் பெயர், அது போதுமாயிருந்தது. ஏழு மாதம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறிப் போனது நானும் அம்மாவும். மூன்று மைல் நடந்தது நானும் அம்மாவும். வாழை இலையை அனலில் வாட்டிச் சோறு கட்டியது அம்மா. முகாம் வாசலில் சிப்பாய் பொட்டலத்தைக் குத்திப் பார்க்கும்போது சிங்களத்தில் கெஞ்சியது நான். மழையில் என் செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்த நாளும் உண்டு. அப்பா ஒரு நாளும் வரவில்லை. எங்களை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் ஏற்றிவிடக்கூட வரவில்லை. தவறணையில் இருந்தார்.

எங்கள் நடையை எடுத்து அவருக்குக் கொடுத்திருந்தான்.

அடுத்த ஞாயிறு தம்பி தொலைபேசி எடுத்தபோது அம்மா பேசுவதற்கு முன்னால் நான் வாங்கிக்கொண்டேன். கடிதம் வந்ததைச் சொன்னேன்.

"சோத்துப் பொட்டலம் கொண்டு வந்தது யாரு? சொல்லு. யாரு?"

"நீங்களும் அம்மாவும்."

"அப்பறம் ஏன்டா அத அவருக்குக் குடுத்த?"



"அங்க போன புதுசுல எல்லாரும் அப்பா எப்டின்னு கேப்பாங்கக்கா" என்றான் மெதுவாக. "என்ன சொல்றது? ஒங்களப் பத்திச் சொல்றதுக்கு எனக்கு நெறைய இருக்கு. அவரப் பத்தி ஒண்ணுமே இல்ல. அதான் ஒங்க கிட்டருந்து கொஞ்சம் எடுத்து அவருக்குக் குடுத்தேன்."

கேட்காமல் எடுப்பதே உனக்குப் பழக்கமாகிவிட்டது என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பசியோடு நடந்தவளுக்கு அந்த நடை சொந்தம். அதை எடுத்து இன்னொருவருக்குப் போர்த்திவிட மகனுக்கும் உரிமை இல்லை, தம்பிக்கும் இல்லை. அவன் மன்னிப்புக் கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா பேசி முடித்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று கேட்டது. நான் கத்தியதெல்லாம் அதன் காதில் விழுந்திருந்தது. மறைக்க மனம் வரவில்லை. கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அம்மாவும் என்னைப் போலக் கொதிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அடி வாங்கியது அது. நடந்தது அது.

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது. குடிக்காத மனிதர், மூன்று மைல் நடந்து சோறு கொண்டுவந்த மனிதர் என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்தியது.

"அந்த எடத்த இன்னொருக்கா படி."

"பொய்யும்மா அது."

"தெரியும். படி."

படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டது. முடித்ததும் மறுபடி அதே இடத்தைக் கேட்டது. என்னால் முடியவில்லை. கடிதத்தை அதன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. திரும்பி வந்தபோது அது அந்தத் தாளைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.